வெயில் நாளில் பிறக்கும் துகள்கள்

தம்பெரேயிலிருந்து ஹாப்பமாக்கி போகும் ரயில் ஒரு சின்ன டீசல் வண்டி. ஓரிவெசியைத் தாண்டிவிட்டால் ஜன்னலுக்கு வெளியே ஊர் என்று சொல்ல அதிகம் கிடையாது. பைன், ஸ்புரூஸ், பிர்ச், ஓர் ஏரி, மறுபடி பைன். பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு காடு என்று படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் இடைவிடாமல் ஒரே பச்சையைப் பார்த்துக்கொண்டு போகும்போதுதான் அந்தக் கணக்கு உடம்பில் இறங்குகிறது. ஏப்ரல் கடைசி. ஏரிகளின் நடுவே இன்னும் கரையாத பனிக்கட்டி சாம்பல் நிறத்தில் கிடந்தது. வெயில் மட்டும் சுள்ளென்று அடித்தது.

யூப்பாயோக்கியில் இறங்கிக் காரில் கொஞ்ச தூரம் போனால் ஹ்யூத்தியாலா. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் வனவியல் களநிலையம் 1910 முதல் இங்கே இருக்கிறது. மர வீடுகள், சாப்பாட்டுக் கூடம், சவுனா. வனவியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடையில் வந்து மரம் அளக்கக் கற்றுக்கொண்ட இடம். அதற்குள்ளேயே 1995-இல் ஸ்மியர்-2 என்ற அளவீட்டு நிலையத்தைத் தொடங்கினார்கள். காடு வெளிவிடும் ஆவிகள் எப்படித் துகளாகின்றன, அந்தத் துகள்கள் எப்படி மேகத்துக்குக் கருவாகின்றன என்பதைப் பற்றி இன்று உலகம் அறிந்ததில் பெரும்பகுதி இந்த ஒரு துண்டுக் காட்டிலிருந்து வந்தது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல காலமாக உண்டு.

களநிலையத்திலிருந்து அளவீட்டு இடத்துக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும். பாசியை மிதிக்காமல் இருக்கப் பலகை போட்டிருக்கிறார்கள். என்னுடன் வந்த இளம் ஆய்வாளர் பலகையை விட்டு இறங்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தரையும் ஆவி விடுகிறது, அதையும் அளக்கிறார்கள், ஒரு காலடித் தடம்கூடக் கணக்கை மாற்றும். மரங்கள் 1962-இல் விதைத்து வளர்த்த பைன்கள். அடிமரம் கருஞ்சாம்பல், மேலே போகப் போகப் பட்டை செம்மஞ்சளாகிறது. கிளைகளுக்கு இடையே வெள்ளைக் குழாய்கள் ஓடுகின்றன. மரக் குடில்களிலும் கன்டெய்னர்களிலும் பம்புகள் விடாமல் இரைகின்றன. மரத்தலைகளுக்கு மேலே, ஏறக்குறைய 127 மீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பிக் கோபுரம். காற்றின் வேகம், வெப்பம், ஈரம், வாயுக்கள் என்று பல உயரங்களில் ஒரே நேரத்தில் அளக்க அது.

பத்து மணிக்கு மேல் வாசனை எழுந்தது. பெயின்ட் கடையில் டர்பன்டைன் டின்னைத் திறந்தால் வரும் வாசனைதான், ஆனால் காரம் இல்லாமல், நயமாக. பொருளும் ஒன்றுதான். டர்பன்டைனில் பெரும்பங்காக இருக்கும் ஆல்ஃபா பைனீன்தான் இந்தக் காட்டின் முக்கியமான ஆவி. பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டுவதற்காக மரம் பிசினில் சேர்த்துவைக்கும் மோனோடெர்பீன் குடும்பத்தைச் சேர்ந்தது. வெயில் ஏறினால் ஊசியிலையிலிருந்து கசிகிறது. வெப்பம் 10 பாகை உயர்ந்தால் கசிவு ஏறக்குறைய இரண்டரை மடங்காகும்.

சாரம் கட்டிய ஒரு சிறு கோபுரத்தின் மேலே அதை அளக்கும் கருவியைப் பார்த்தேன். உயிருள்ள ஒரு கிளை நுனியை ஒளி ஊடுருவும் பெட்டி ஒன்றுக்குள் விட்டிருக்கிறார்கள். பெட்டி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. அவ்வப்போது மூடி தானாக இறங்கும், சிறிது நேரம் கிளையின் மூச்சை மட்டும் உறிஞ்சிக் குழாய் வழியாகக் கீழே அனுப்பும், மறுபடி திறந்துகொள்ளும். நான் நின்றிருந்தபோது மூடி இறங்கியது. உள்ளே இருந்த ஊசிகளின் நுனியில் புதிய மொட்டு ஒன்று பழுப்பாக, பிசின் பூசி மினுங்கியது. இந்த விரலளவு கிளை விடுவது மிகச் சொற்பம். ஆனால் உலகத்துத் தாவரங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு கோடி டன் இப்படிப்பட்ட கரிம ஆவிகளைக் காற்றில் விடுகின்றன. அதில் பாதிக்குப் பாதி ஐசோப்ரீன். அது வெப்பமண்டலக் காடுகளின் சரக்கு. வடக்கில் மோனோடெர்பீன்.

ஆவி துகளாவது எப்படி என்பதற்குத்தான் விடை கிடைக்க நெடுங்காலம் ஆனது. காடுகளின் மேல் தெரியும் நீல மங்கல் தாவர ஆவிகளால் வருவது என்று தாவரவியலாளர் ஃப்ரிட்ஸ் வென்ட் 1960-இலேயே எழுதினார். ஆனால் ஆல்ஃபா பைனீன் எளிதில் ஆவியாகும் பொருள். அது தானாக ஒட்டிக்கொண்டு துகளாகாது. 2014-இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தோடு சேர்ந்து ஒரு விடையை வெளியிட்டார்கள். ஓசோன் பட்டவுடன் அந்த மூலக்கூறு காற்றிலிருந்து ஆக்சிஜனைத் தானே அடுத்தடுத்து இழுத்து ஏற்றிக்கொள்கிறது. சில நொடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. ஆக்சிஜன் ஏற ஏற மூலக்கூறு கனத்து, ஆவியாகும் குணத்தையே இழக்கிறது. எதில் மோதினாலும் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒட்டும் மூலக்கூறுகள், கந்தக அமிலமும் அம்மோனியாவும் கூடிய சிறு திரள்களின் மேல் படிந்து அவற்றை வளர்க்கின்றன. முகர்ந்த வாசனை மறையும் நேரத்துக்குள் அந்த ஆக்சிஜன் ஏற்றம் நடந்துவிடுகிறது என்பதை அந்தக் கோபுரத்தின் மேல் நின்று யோசித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

கீழே குடிலில் துகள் எண்ணும் கருவிகள். ஒன்றரை, இரண்டு நானோமீட்டர் அளவுள்ள ஒரு துகளை எந்த ஒளியாலும் நேரடியாகப் பார்க்க முடியாது. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய எழுபதாயிரம் நானோமீட்டர் என்றால் அளவு புரியும். அதனால் ஒரு வழி செய்கிறார்கள். உறிஞ்சிய காற்றைப் பியூட்டனால் ஆவிக்குள் விட்டுக் குளிர்விக்கிறார்கள். ஒவ்வொரு துகளின் மேலும் ஆவி படிந்து அது ஒரு துளியாக ஊதுகிறது. துளி லேசர் கதிரைக் கடக்கும்போது ஒரு மினுக்கு, ஓர் எண்ணிக்கை. வானத்தில் மேகம் செய்வதை இந்தப் பெட்டி பியூட்டனாலை வைத்துச் செய்கிறது. குடிலுக்குள் அந்த ஆல்கஹால் வாடை லேசாக இருந்தது. இப்படி அளவுவாரியாகத் துகள்களை எண்ணும் பதிவு இங்கே 1996 ஜனவரியில் தொடங்கியது. இன்றுவரை ஓடுகிறது.

திரையில் அன்றைய வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. கிடையாக நேரம், செங்குத்தாகத் துகளின் அளவு, எண்ணிக்கைக்கு ஏற்ப நிறம். காலை முழுவதும் கீழ்ப்பகுதி நீலமாகக் காலியாக இருந்தது. பதினொரு மணிக்குச் சற்று முன்பு அடியில் ஒரு செம்மஞ்சள் தீற்று. மூன்று நானோமீட்டர். அரை மணிக்குள் அது சிவந்து தடித்தது, பிறகு வலப்பக்கமாக மெல்ல மேலே வளையத் தொடங்கியது. துகள்கள் பிறந்து, மணிக்குச் சில நானோமீட்டர் வீதம் வளர்ந்துகொண்டிருந்தன. மாலைக்குள் அந்தத் தீற்று வளைந்த வாழைப்பழம் போல ஆகிவிடும். இந்தத் துறையில் எல்லோரும் அதை வாழைப்பழம் என்றேதான் சொல்கிறார்கள். ‘இன்றைக்கு வாழைப்பழம் உண்டா?’ என்று மதியச் சாப்பாட்டின்போது அடுத்த மேசையிலிருந்து ஒருவர் கேட்டார். எங்கள் ஆய்வாளர் தலையாட்டினார். ரொட்டியையும் சால்மன் சூப்பையும் பாதியில் விட்டு இருவர் எழுந்து போனார்கள். ஆண்டில் பல பத்து நாட்கள் இது நடக்கிறது. வசந்தத்தில்தான் அதிகம். இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் இவர்கள் முகம் மலர்வதைக் கண்டேன்.

எந்த நாளில் பிறக்கும் என்பதில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நீண்ட தூரம் தொழிற்சாலைப் புகையைச் சுமந்து தெற்கிலிருந்து காற்று வரும் நாட்களில் பெரும்பாலும் எதுவும் பிறப்பதில்லை. ஆர்க்டிக் கடல் பக்கமிருந்து, வடமேற்கிலிருந்து, துடைத்த காற்று வந்து வெயிலும் அடித்தால் பிறக்கிறது. காரணம் எளிது. அழுக்குக் காற்றில் ஏற்கெனவே பெரிய துகள்கள் நிறைந்திருக்கின்றன. ஒட்டும் ஆவியும் புதிதாகப் பிறந்த சின்னத் திரளும் அவற்றின் மேல் மோதி அழிந்துவிடுகின்றன. சுத்தமான காற்றில் அந்த இடையூறு இல்லை. காடு துகள் செய்ய வேண்டுமானால் முதலில் வானம் காலியாக இருக்க வேண்டும்.

இந்த நிலையத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வனச் சூழலியலாளர் பெர்த்தி ஹாரியும் இயற்பியலாளர் மார்க்கு குல்மலாவும் இதன் பின்னால் இருந்தவர்கள். மரத்தின் உடலியலைப் படித்தவரும் துளிகள் உருவாகும் கணக்கைப் படித்தவரும் ஒரே காட்டில் சேர்ந்து வேலை செய்தது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் அல்ல. முதல் நிலையமான ஸ்மியர்-1, லாப்லாந்தின் வாரியோவில் 1991-இல் வந்தது. எல்லைக்கு அப்பால் கோலா தீபகற்பத்தின் உலோக உருக்காலைகள் விடும் கந்தகப் புகை மரங்களை என்ன செய்கிறது என்ற கவலைதான் அதற்குக் காரணம். மரத்தைக் காற்று என்ன செய்கிறது என்று கேட்கப் போனவர்கள், சில ஆண்டுகளில் காற்றை மரம் என்ன செய்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். நிலையத்துக்குள்ளே இருப்பது எல்லாம் பொறுமையின் விளைவு. பெரிய கண்டுபிடிப்பு நாளை வரும் என்று யாரும் சொல்லாத நாட்களிலும் ஒருவர் பனியில் நடந்துபோய்க் குழாயில் அடைத்த உறைபனியை எடுத்துவிட்டு வந்திருக்கிறார். இதற்குப் பணம் தந்துகொண்டே இருந்த நாட்டையும் பாராட்டத்தான் வேண்டும்.

இனி மேகம். மூன்று நானோமீட்டர் துகளின் மேல் நீர் தங்காது. ஐம்பதிலிருந்து நூறு நானோமீட்டருக்கு வளர்ந்த பிறகுதான் அது மேகத் துளிக்குக் கருவாக முடியும். அதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அதுவரை காற்று நின்றுகொண்டிருக்காது. அடுத்த காட்டின் மேல் போய்க்கொண்டிருக்கும். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் பீட்டர் டுன்வெட் குழு 2006-இல் இதைத்தான் பின்தொடர்ந்தது. கடலிலிருந்து வரும் சுத்தமான காற்று காட்டின் மேல் எத்தனை மணி நேரம் பயணம் செய்கிறதோ, வழியில் எத்தனை டெர்பீன் சேர்கிறதோ, அந்த அளவுக்குத் துகள்களின் நிறையும் கூடுகிறது. வடக்குக் காடு, ஒரு கனசென்டிமீட்டர் காற்றில் ஓராயிரம் முதல் ஈராயிரம் துகள்களை எப்போதும் தாங்கி நிற்கிறது என்பது அவர்கள் கண்டது. துகளோடு ஈரமும் சேர்கிறது. மரங்கள் வேரில் உறிஞ்சிய நீரை இலை வழியே காற்றுக்குத் தருகின்றன. இரண்டு மூன்று நாள் காட்டின் மேல் நடந்த காற்று, புறப்பட்டபோது இருந்த காற்று அல்ல. அதன் மேகமும் வேறு.

என்ன வேறு? ஒரே அளவு நீர். கருக்கள் குறைவாக இருந்தால் பெரிய துளிகள், நிறைய இருந்தால் பொடித் துளிகள். கல்லுப்பை உரலில் இட்டு இடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: கல்லாக இருக்கும்போது மங்கல், பொடியானதும் வெள்ளை வெளேர். பொடித் துளி மேகம் அதிக வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அடியில் நிலம் கொஞ்சம் குளிர்கிறது. 1970-களில் ஷான் டூமி விளக்கிய விளைவு இது. 2014 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை அமெரிக்க எரிசக்தித் துறை தன் நடமாடும் நிலையத்தையே கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து வைத்தது. ரேடாரும் லைடாரும் இந்தக் காட்டின் மேலுள்ள மேகங்களை அடியிலிருந்து துருவின. கோபுரத்தின் கணக்கும் மேகத்தின் கணக்கும் ஒரே இடத்தில் சந்தித்தன.

அப்படியானால் பூமி சூடானால் காடு அதிக ஆவி விடும், துகள் கூடும், மேகம் வெளுக்கும், சூடு தணியும். கேட்க ஆறுதலாக இருக்கிறது. இதை எதிர்க்கும் பின்னூட்டம் என்கிறார்கள். உலகின் பதினோரு இடங்களின் பதிவுகளை வைத்து 2013-இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் இதன் வலிமையைக் கணக்கிட்டார்கள். உலக அளவில் வெப்ப உயர்வில் ஏறக்குறைய 1 சதவீதத்தை மட்டுமே இது ஈடுசெய்யும். ஆள் குறைந்த காட்டுப் பகுதிகளில் மட்டும் வட்டார அளவில் 30 சதவீதம் வரை போகலாம். இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் எண்ணை விட்டுவிட்டு, காடு நம்மைக் காப்பாற்றிவிடும் என்று பேசுகிறவர்கள் நிலக்கரிக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். இரண்டாம் எண்ணை விட்டுவிட்டு, இது பொருட்படுத்த வேண்டிய விஷயம் அல்ல என்பவர்கள் ஒரு வட்டாரத்தின் வானத்தையே அலட்சியம் செய்கிறார்கள்.

காட்டின் கணக்கில் எதிர்ப்பக்கமும் உண்டு. அன்று மாலை ஏரிப் பக்கம் நடந்தபோது அது கண்ணெதிரே தெரிந்தது. மரம் இல்லாத வெளியில் கிடந்த பனி கண்ணைக் கூசச் செய்தது. பக்கத்திலேயே பைன் காடு கறுத்துக் கிடந்தது. பனிக்காலத்தில் வெற்று நிலம் வெயிலைத் திருப்பி அனுப்பும். காடு விழுங்கிக்கொள்ளும். வடக்கில் மரம் நட்டால் குளிர்ச்சி மட்டுமே வரும் என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். கரியமில வாயுவை இழுப்பது ஒரு பக்கம், துகளும் மேகமும் ஒரு பக்கம், கருத்த இலை எதிர்ப்பக்கம். இந்த மூன்றையும் ஒன்றாக அளக்க வேண்டும் என்பதே ஹ்யூத்தியாலாக்காரர்களின் பிடிவாதம். நான் அவர்கள் கட்சி.

சாப்பாட்டுக் கூடத்தில் இரவு நெடுநேரம் பேச்சு ஜெனீவாவைச் சுற்றியது. ஐரோப்பிய அணு ஆய்வு மையத்தில் 26 கனமீட்டர் எஃகுக் கலம் ஒன்றில் ஆதிகாலத்துக் காற்றைச் செய்து பார்க்கிறார்கள். அந்தச் சோதனையின் பெயரே கிளவுட். தொழிற்சாலை வருவதற்கு முன்பு கந்தக அமிலம் மிகக் குறைவு. அப்போது துகள்களும் மேகக் கருக்களும் குறைவாகவே இருந்திருக்கும் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2016-இல் அந்தக் கலத்தில், கந்தக அமிலம் அறவே இல்லாமல், ஆல்ஃபா பைனீனின் ஆவிகள் மட்டுமே துகளாவதைக் கண்டார்கள். அப்படியென்றால் புகைபோக்கி இல்லாத வானத்திலும் காடுகள் மேகக் கருவை இறைத்துக்கொண்டிருந்தன.

பழைய வானம் எப்படி இருந்தால் என்ன என்று தோன்றலாம். எனக்கு இதுதான் முழுப் பயணத்திலும் கனமான விஷயமாகப் பட்டது. நாம் விடும் புகைத்துகளும் மேகத்தை வெளுக்கச் செய்து பூமியைக் குளிர்விக்கிறது. எவ்வளவு? ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-இல் தந்த விடை: பசுங்குடில் வாயுக்கள் அல்லாத மற்ற மனிதக் காரணிகளால், அதாவது முக்கியமாக இந்தத் துகள்களால், பூஜ்யம் முதல் 0.8 பாகை வரை குளிர்ச்சி. எத்தனை அகலமான வீச்சு! துகள் மறைத்துவைத்திருக்கும் வெப்பம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் காற்றைச் சுத்தம் செய்தபின் எவ்வளவு சூடு வெளியே வரும் என்று சொல்ல முடியும். காற்றைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், புகை ஆளைக் கொல்கிறது. ஆனால் ஒப்பிடுவதற்குத் தொடக்கப் புள்ளி வேண்டுமே. காடு தானே செய்த மேகம் எவ்வளவு என்று தெரியாமல், நாம் செய்தது எவ்வளவு என்று கழித்துப் பார்க்க வழியில்லை. பின்லாந்தின் ஒரு பைன் கிளையைப் பெட்டிக்குள் வைப்பதற்கும், எந்த ஊரிலோ அடுத்த ஐம்பது ஆண்டில் அடிக்கப்போகும் வெயிலுக்கும் உள்ள தொடர்பு இது.

ஒரு காட்டின் விடை எல்லாக் காட்டுக்கும் பொருந்தாது. பிரேசிலில் மனாவ்ஸிலிருந்து 150 கிலோமீட்டர் வடகிழக்கே, அமேசான் காட்டுக்குள் 325 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரம் 2015 முதல் நிற்கிறது. அங்கே ஐசோப்ரீன் ஆட்சி. தரையருகே வாழைப்பழம் அரிது. மேகம் உறிஞ்சிய ஐசோப்ரீன் பல கிலோமீட்டர் மேலே, உறையும் குளிரில் துகளாகிறது என்று 2024-இல் விமான அளவீடுகள் காட்டின. அது வேறொரு நெடுங்கதை.

மறுநாள் சீக்கானேவா சதுப்புநிலத்துக்குப் போகும் வழியில் மரம் வெட்டி அடுக்கியிருந்த இடம் ஒன்று வந்தது. காரை நிறுத்தச் சொன்னேன். பச்சை வெட்டில் பிசின் மணி மணியாகத் திரண்டு வழிந்தது. முந்தின நாள் கோபுரத்தின் மேல் நயமாக இருந்த வாசனை இங்கே மூக்கைத் துளைத்தது. வெட்டிய அடிக்கட்டைகளும் கழித்த கிளைகளும் வாரக்கணக்கில் டெர்பீனை விட்டுக்கொண்டே இருக்கும் என்றார் ஆய்வாளர். அப்புறம் நின்றுவிடும். இளங்கன்று வளர்ந்து மறுபடி கசியத் தொடங்கும்வரை அந்த நிலத்தின் பங்கு குறைந்தே இருக்கும்.

பின்லாந்தில் ஆண்டுக்கு எத்தனை கனமீட்டர் வெட்டலாம் என்பது அனல் பறக்கும் அரசியல். மரக்கூழ் ஆலைகளின் வேலைவாய்ப்பும் அதில் இருக்கிறது, காட்டுச் சொந்தக்காரர்களின் பிழைப்பும் இருக்கிறது. 2021-இல் நாட்டின் நிலப் பயன்பாட்டுத் துறை உறிஞ்சியதைவிட அதிகமாகப் பசுங்குடில் வாயுவை வெளியிட்டது என்ற செய்தி அந்த நாட்டையே உலுக்கியது. அந்த விவாதம் முழுவதும் கரியமில வாயுவின் டன் கணக்கில் நடக்கிறது. உலகின் ஒப்பந்தங்களும் காட்டை அந்த ஒற்றைத் தராசில்தான் நிறுக்கின்றன. துகளுக்கும் மேகத்துக்கும் பனியின் வெண்மைக்கும் அதில் இடமில்லை. அளக்க முடியாதது என்று இனிச் சொல்ல முடியாது. இந்தக் காட்டில் மட்டும் 1996 முதல் எழுதிவைத்திருக்கிறார்கள். குல்மலா 2018-இல் உலகம் முழுக்க இப்படி ஆயிரம் நிலையங்கள் வேண்டும் என்று எழுதினார். அதிகமாகக் கேட்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அடிக்கட்டைகளுக்கு நடுவே நின்றபோது அந்த எண்ணிக்கை நியாயமாகவே பட்டது. முதலில் வைக்க வேண்டியது, வெட்டு வேகமாக நடக்கும் காடுகளில்.